மீன் நனையாத கிண்ணம்

அடைக்கலத்துக்குத் துரோகம் செய்தவர்களில் முதல் ஆள் சிங்காரவேலு. காலத்தை வைத்துப் பார்த்தால், மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் ரப்பர்ப்பால் வாளியைத் தூக்கவைத்த சித்தப்பாதான் முந்தி. காயத்தை வைத்துப் பார்த்தால் சிங்காரவேலுதான், இதில் அவருக்கு இருபத்தாறு வருடமாகச் சந்தேகமே வந்ததில்லை. தைப்பிங் ஊரில் மழை பெய்யாத நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம், இவர் சிங்காரவேலுவைத் திட்டாத நாளை எண்ண விரலே வேண்டாம் என்பாள் அவர் மனைவி பேச்சாயி. "உங்க கோவத்துக்கும் வயசாயிருச்சு, பென்ஷன் குடுத்து வீட்டுல ஒக்கார வைங்க" என்பாள். அடைக்கலம் சட்டையை மாட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, லிம் தவுக்கே என்கிற சீன முதலாளியின் கடைக்கு வேலைக்குப் போய்விடுவார்.

லிம் தவுக்கே கடையில் விற்பது ஊலோங் தேயிலையும், அதைக் காய்ச்சிக் குடிக்கிற சாமான்களும்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் மண் குடுவைகள், இரண்டு மிடறுக்கு மேல் கொள்ளாத கிண்ணங்கள், மூடிபோட்ட பீங்கான் கிண்ணங்கள், வடிகிற தண்ணீரைத் தாங்க ஓட்டைபோட்ட மரத் தட்டுகள். எழுத்துக்கூட்டித்தான் படிக்கத் தெரிந்த அடைக்கலத்துக்கு இந்தச் சாமான்களைப் படிக்கத் தெரியும். குடுவையை மேசைமேல் கவிழ்த்து வைத்தால் வாயும் மூக்கும் கைப்பிடியும் ஒரே மட்டத்தில் மேசையைத் தொட வேண்டும். மூடியிலிருக்கும் துளையை விரலால் அடைத்தால் ஊற்றுகிற தண்ணீர் சட்டென்று நிற்க வேண்டும். கிண்ணத்தை நகத்தால் தட்டினால் கோயில் மணியின் கடைசி ஓசைபோல ஒன்று கேட்க வேண்டும், கேட்டு, அடங்குவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். வறுத்த கறுப்பு இலைக்கு மண் குடுவை, பச்சை வாசம் போகாத இலைக்குப் பீங்கான். கோபக்காரனுக்குக் கனத்த உதடுள்ள கிண்ணம், ஏனென்றால் அவன் அவசரப்பட்டுக் குடிப்பான். இதையெல்லாம் தவுக்கே அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, பார்த்துப் பார்த்து அவராகவே எடுத்துக்கொண்டது. ஒரு காலத்தில் ஈப்போவிலிருந்து வருகிற பெரிய சீனர்கள்கூட, "அந்தத் தமிழனைக் கூப்பிடு, அவன் எடுத்துக் கொடுக்கட்டும்" என்று கேட்டு, கடைக்கு நடுவே போட்டிருந்த தேத்தண்ணி மேசையில் அவரைத் தங்களோடு உட்காரவைத்தார்கள்.

அந்த மேசையில்தான் தவுக்கேயின் தகப்பனார் சீனாவிலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வந்த குடுவை இருந்தது. எழுபது வருடம் ஒரே வகை இலையைக் குடித்துக் குடித்து அதன் உள்பக்கம் நிலக்கரிபோல் கறுத்திருந்தது. இலை போடாமல் வெறும் வெந்நீரை ஊற்றினாலும் தேத்தண்ணி வாசம் வரும். அதைச் சோப்பு போட்டுக் கழுவக்கூடாது, தேய்க்கக்கூடாது, வெந்நீரில் அலசிக் கவிழ்த்தால் போதும். கடையில் எல்லோருக்கும் இது தெரியும். வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதமான சிங்காரவேலுவுக்குத் தெரியவில்லை. சீனப் புத்தாண்டுப் பெருநாளின் ஒன்பதாம் நாள் சாமிக்குப் படைக்கிற நாள், நல்ல நாளும் அதுவுமாகப் பாத்திரம் இப்படிக் கரிபிடித்துக் கிடக்கிறதே என்று நினைத்தான் அவன். நம் வீடுகளில் பொங்கலுக்கு முதல் நாள் என்ன செய்வோமோ அதைச் செய்தான்: புளியும் சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து, எழுபது வருடத்தை அரைமணி நேரத்தில் தேய்த்து எடுத்துவிட்டான். குடுவை புதுச் செங்கல்போல் சிவந்து வந்தது.

தவுக்கே பார்த்தார். யார் என்று கேட்டார். சிங்காரவேலு கையைத் துடைத்துக்கொண்டு, "அடைக்கலம் அண்ணே" என்றான்.

அந்த நேரம் அடைக்கலம் பின்கட்டுக் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை மட்டும், இந்தக் கதையைச் சொல்லுகிறபோதெல்லாம், அவர் சொல்வதில்லை. தவுக்கே அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. மேசையை விட்டு எழுப்பிப் பின்னறையில் வைக்கோலும் பழைய பேப்பரும் வைத்துக் கிண்ணங்களைப் பொட்டலம் கட்டுகிற வேலையில் போட்டார், அவ்வளவுதான். சிங்காரவேலு இரண்டு வருடத்தில் சொந்தமாகப் பாத்திரக்கடை போட்டான், பிறகு கோயில் தலைவர் ஆனான், வெள்ளைச் சட்டை போட்டான். அடைக்கலம் இருபத்தாறு வருடம் வைக்கோல் அள்ளினார். அவர் கேட்டது ஒரே ஒரு வார்த்தைதான். 'தேய்த்தது நான்' என்று, தவுக்கேயின் காது கேட்க, அந்த மேசையில் வைத்துச் சிங்காரவேலு சொல்ல வேண்டும். தவுக்கேக்கு இப்போது தொண்ணூற்றொன்று. ஒரு காது போய்விட்டது. இன்னொரு காதும் போவதற்குள் அது நடக்க வேண்டும்.

இப்படியிருக்கையில், போன நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மழை பிடித்துக்கொண்டு கொட்டிய ஒரு காலைப்பொழுதில், அந்தக் கடைக் கிண்ணங்களில் தேத்தண்ணி நிற்காமல் போனது.

எல்லோருக்கும் இல்லை. கமுந்திங்கிலிருந்து வந்த மரக்கடைக்காரர் ஒருவர் தம்பியோடு உட்கார்ந்து குடுவை ஒன்றை விலை பேசிக்கொண்டிருந்தார். தவுக்கேயின் மகள் சியூ லான் இரண்டு பேருக்கும் ஊற்றினாள். தம்பியின் கிண்ணம் நிறைந்தது. அண்ணன் கிண்ணத்தில் தேத்தண்ணி விழுவது தெரிந்தது, சத்தமும் கேட்டது, ஆனால் கிண்ணம் காய்ந்தே கிடந்தது; மேசையில் வழியவில்லை, தட்டில் இறங்கவில்லை, குடுவையைத் தூக்கிப் பார்த்தால் அதன் கனம் மட்டும் குறையவில்லை. லான் மூன்று தடவை ஊற்றினாள். அண்ணன் எழுந்து தம்பியைக் கடை வாசலுக்குக் கூட்டிப்போய், அப்பா எழுதிவைத்த நிலத்தைப் பற்றி மழையில் நனைந்துகொண்டே ஏதோ சொன்னார். தம்பி அழுதார், அடித்தார், பிறகு இரண்டு பேரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். நான்காவது தடவை கிண்ணம் நிறைந்தது. லான் அந்தக் குடுவைக்கு விலையில் கொஞ்சம் குறைத்துக்கொடுத்தாள்.

ஒருவனுக்குச் செய்த தீங்கை அவனிடம் சொல்லாமல் வைத்திருக்கிறவனுக்கு அந்தக் கிண்ணம் நிறையாது. சொன்னால் நிறையும். இதற்கு மேல் யாரும் ஆராயவில்லை. மழை ஏன் இங்கே மட்டும் இப்படிப் பெய்கிறது என்று யாரும் ஆராய்ந்ததில்லை, அதுபோல.

முதல் மாதம் ஊரே கடைக்கு வந்தது. மாமியார்கள் மருமகனுக்காக வாங்கினார்கள். கட்சிக்காரர்கள் எதிர்க்கட்சிக்காரர்களுக்குப் பரிசாக அனுப்பினார்கள். போலீஸ் அதிகாரி ஒருவர் ஆறு கிண்ணம் வாங்கிப்போய் மறுநாள் காலையில் ஆறையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, காசைத் திருப்பிக் கேட்காமல் போனார். கோயில் கமிட்டி கூடி, இனிமேல் கூட்டங்களில் பிளாஸ்டிக் கப்பில் மைலோ மட்டும்தான் என்று ஒரு மனதாகத் தீர்மானம் போட்டது. முன்மொழிந்தவர் தலைவர் சிங்காரவேலு. குழந்தைகளுக்கு மட்டும் எப்போதும் நிறைந்தது, சுமார் ஏழு வயது வரைக்கும்.

இரண்டாவது மாதம் ஊர் பழகிக்கொண்டது. வெறும் கிண்ணத்தை ஊதி ஊதி ஆற்றவும், உறிஞ்சுகிற சத்தம் எழுப்பவும், நாக்கைச் சப்புக்கொட்டி "நல்ல இலை" என்று சொல்லவும் பெரியவர்கள் கற்றுக்கொண்டார்கள். சில பேர் சுட்டுக்கொண்டதுபோல் உதட்டைக்கூடத் துடைத்தார்கள். அடுத்தவன் கிண்ணத்துக்குள் பார்ப்பது, குளிக்கிற இடத்தில் எட்டிப்பார்ப்பதற்குச் சமம் என்று ஆயிற்று. ஊற்றுகிறபோது எல்லோரும் கூரையையோ மழையையோ பார்க்க வேண்டும், அதுதான் மரியாதை. கடையில் கிண்ணம் வாங்குகிற முறையும் மாறிப்போனது. உள்பக்கம் வெள்ளையான, மெல்லிய, நல்ல கிண்ணங்களையெல்லாம் தூசி மூடியது. உள்ளே கறுப்பு மெருகு பூசியது, ஆழமாக இருப்பது, வாய் குறுகியது, இவையே வேண்டும் என்று கேட்டார்கள். குறிப்பாகக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, "சும்மா, கலர் கொஞ்சம் டார்க்கா" என்றார்கள். எது நன்றாக மறைக்கும் என்று லானுக்குத் தெரியவில்லை. பின்னறைக் கதவைத் திறந்து, "அங்கிள், நீங்க வாங்க" என்றாள்.

இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு அடைக்கலம் இப்படித்தான் கடையின் முன்பக்கத்துக்கு வந்தார். எந்தக் கிண்ணத்தில் இலை மணக்கும் என்று தெரிந்த கண்ணை வைத்து, எந்தக் கிண்ணத்தில் பொய் தெரியாது என்று எடுத்துக்கொடுத்தார். கிண்ணத்தைத் தட்டிப்பார்க்கவே இல்லை; ஓசை கேட்டு யாரும் வாங்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேச்சாயியிடம், "என்னை மறுபடியும் கூப்பிட்டுட்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

"மேசையில ஒக்கார வெச்சாங்களா?"

"இல்ல, நின்னுக்கிட்டுத்தான்."

"ஒங்களுக்கு ஊத்திக் குடுத்தாங்களா?"

"ஊத்துற ஆள் குடிக்கக்கூடாது" என்றார் அடைக்கலம், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பேச்சாயியிடம் சொல்லாதது ஒன்று உண்டு. கிண்ணங்களின் சங்கதி தெரிந்த முதல் வாரமே, பின்னறையில் தனியாக இருந்தபோது, தன் கிண்ணம் தளும்பும் என்கிற நிச்சயத்தோடு, தளும்பினால் அதை எடுத்துக்கொண்டுபோய்த் தவுக்கே முன்னால் வைக்கலாம் என்கிற ஆசையோடு, ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப்பார்த்தார். காய்ந்து கிடந்தது. கிண்ணத்தில் விரிசல் இருக்கும் என்று வேறு கிண்ணம் எடுத்தார். இலை சரியில்லை என்று வேறு இலை போட்டார். ஒன்பது கிண்ணங்களில் ஊற்றினார். பிறகு ஒன்பதையும் ஈரம் துடைப்பதுபோல் துடைத்து, ஈரமே இல்லாத துணியை மடித்துவைத்தார்.

சீனப் பெருநாள் வந்தது. ஒன்பதாம் நாள் கடைக் கதவின் இரண்டு பக்கமும் கரும்பைக் கட்டினார்கள். வருடா வருடம் அன்றைக்கு ஆரஞ்சுப் பழத்தோடு தவுக்கேயைப் பார்க்க வருகிறவர்களில் சிங்காரவேலுவும் ஒருவன். பழைய முதலாளியை மறக்காத மனுஷன் என்று பெயர் வாங்கியிருந்தான். காலையில் தவுக்கே சக்கர நாற்காலியில் மேசைக்கு வந்ததும், அடைக்கலத்தை எப்போதும்போல் 'அடை' என்று கூப்பிட்டுச் சொன்னார்: "அடை. நீ கப்பு எடு. குடுவை நீ எடு. லான் எடுத்தா எல்லாம் கறுப்பு கறுப்பு. சாவு வீடு மாதிரி."

அடைக்கலம் அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றார். கடைசியில் மேல்தட்டிலிருந்து எடுத்தது நான்கு கிண்ணங்கள், முட்டை ஓடுபோல் மெல்லிசு, உள்ளே பால்வெள்ளை, அடியில் நீல மையில் ஒரே ஒரு மீன். தேத்தண்ணி நின்றால் அந்த மீன் நீந்துவதுபோல் இருக்கும். நிற்காவிட்டால் தரையில் போட்ட மீன்போல் கிடக்கும், குருடனுக்கும் தெரியும். குடுவைக்கு அவர் யோசிக்கவே இல்லை. தேய்க்கப்பட்ட அந்தப் பழைய குடுவையைத் துணி விரித்து மேசையின் நடுவில் வைத்தார். இருபத்தாறு வருடத்தில் அது மறுபடியும் கொஞ்சம் பழுப்பேறியிருந்தது. நான் ஊற்றுகிற ஆள், எனக்கு எதற்குக் கிண்ணம், மூன்றே போதும் என்று அவர் நினைத்திருந்தார். நான்காவதை எடுத்தது, அந்தக் கிண்ணங்கள் நான்கு சேர்ந்ததுதான் ஒரு செட்டு, பிரிக்கக்கூடாது என்பதால்.

சிங்காரவேலு வந்தான். முடி நரைத்து, சர்க்கரை வியாதியில் மெலிந்து, வெள்ளைச் சட்டை தோளில் தொங்கியது. கிண்ணங்களைப் பார்த்து ஒரு நொடி நின்றான். பிறகு உட்கார்ந்து, "நல்லா இருக்கீங்களா, அண்ணே? அக்கா சுகமா?" என்றான்.

"இருக்கேன். நீங்கதான் எளைச்சிட்டீங்க, தலைவரே."

"காலு ஒண்ணு மரத்துப்போச்சு, அண்ணே. கோயிலச் சுத்தி வர முடியல."

"சாமி ஒங்களச் சுத்தி வரும்" என்றார் அடைக்கலம். லான் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

ஊற்றினார். தவுக்கேயின் கிண்ணம் நிறைந்தது. மனதில் இருப்பதையெல்லாம் அன்றன்றைக்கே ஆளின் முகத்துக்கு நேராகத் திட்டித் தீர்த்துவிடுகிற மனிதர் அவர், உள்ளே எதுவும் தங்குவதில்லை. லான் கிண்ணம் இரண்டு விநாடி யோசித்துவிட்டு நிறைந்தது. சிங்காரவேலுவின் கிண்ணத்தில் விழுந்த தேத்தண்ணி சத்தம் போட்டது, மீன் நனையவில்லை. அடைக்கலம் நிமிர்ந்து தவுக்கேயைப் பார்த்தார்.

தவுக்கே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் எல்லோரும் கற்றுக்கொண்ட மரியாதை அது. வெள்ளைக் கிண்ணமாவது கறுப்புக் கிண்ணமாவது, பார்க்கிறவன் இருந்தால்தானே. அந்த மேசையில் அடுத்தவன் கிண்ணத்துக்குள் எட்டிப்பார்த்த ஒரே ஆள் தான்தான் என்று அடைக்கலத்துக்குத் தெரிந்தபோது காதுமடல் சுட்டது.

"நீயும் உக்காரு, அடை" என்றார் தவுக்கே, மழையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கப்பு நாலு இருக்கு. ஊத்து."

மறுக்க வழியில்லை. உட்கார்ந்தார். இருபத்தாறு வருடமாக அவர் ஆசைப்பட்ட நாற்காலி அது. தன் கிண்ணத்தில் ஊற்றினார். நீல மீன் வாயைத் திறந்தபடி காய்ந்து கிடந்தது.

அப்போது சிங்காரவேலு தன் கிண்ணத்தை மூன்று விரலில் எடுத்தான், முறையாக, இரண்டு விரல் விளிம்பில், ஒரு விரல் அடியில். அடைக்கலத்திடம் பார்த்துக் கற்றுக்கொண்டது அது. வெறும் கிண்ணத்தை உதட்டருகே கொண்டுபோய், ஒரு தடவை ஊதினான், இரண்டு தடவை ஊதினான், சூடு ஆறுவதற்காகக் கொஞ்சம் காத்திருந்தான், பிறகு சத்தம் வர உறிஞ்சினான். "நல்ல இலை, தவுக்கே" என்றான்.

ஒரு கிழவன் காய்ந்த கிண்ணத்தை ஊதுவதைப் பார்ப்பதற்காகத்தான் மேல்தட்டிலிருந்து இதை இறக்கினேன் என்று அடைக்கலத்துக்குத் தோன்றியது. அடுத்து ஊத வேண்டியது தன் முறை. அவர் கிண்ணத்தை எடுத்தார். உதடுவரை கொண்டுபோனார். ஊத முடியவில்லை. கீழே வைத்தார்.

"சிங்காரம்" என்றார். தலைவரே என்று சொல்லவில்லை. "அன்னைக்கு நீ புளியக் கரைக்கும்போதே நான் கதவுகிட்ட வந்துட்டேன்."

சிங்காரவேலு தன் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"தேய்க்கக்கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ வெச்சிருப்ப. வார்த்தை வாய்க்கு வந்துச்சு. முந்தின நாளு கப்பு தட்டிப் பார்க்கிறதுல ஒன்னோட காது என் காதவிட நல்லாயிருக்குன்னு தவுக்கே சொன்னாரு. அத நெனச்சேன். மென்னு முழுங்கிட்டேன். நீ தேய்ச்ச, அரைமணி நேரம் நின்னு பார்த்தேன். கடைசியில நீ மோந்து பார்த்த பாரு, வாசம் போயிருச்சேன்னு ஒன் மூஞ்சி மாறுனிச்சு பாரு, அதையும் பார்த்துட்டுத்தான் உள்ள வந்தேன். ஒன்கிட்ட இதச் சொல்லல. யார்கிட்டயும் சொல்லல."

அவர் யாரையும் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினார். பேசி முடித்தபோது அவர் கிண்ணம், மறுபடி யாரும் ஊற்றாமலே, நிறைந்திருந்தது. மீன் நீந்தியது. ஆவி எழுந்து அவர் மூக்குக்கண்ணாடியை மூடியது.

தவுக்கே நல்ல காதைத் திருப்பினார். "என்னா சொல்றான்?"

பதில் சொல்ல வேண்டியவன் சிங்காரவேலு. அவனும் வாயைத் திறந்தான்.

"அன்னைக்குக் குடுவை விஷயம், தவுக்கே" என்றான் சிங்காரவேலு. "அண்ணே ஒத்துக்கிட்டாரு."

பிறகு தன் கிண்ணத்தைத் தட்டின்மேல் கவிழ்த்து வைத்தான். போதும் என்பதற்கு அந்த மேசையில் அதுதான் வழக்கம், கவிழ்த்த கிண்ணத்தை யாரும் திருப்பக்கூடாது. "மழை வலுக்குது, வரேன்" என்று எழுந்தான். ஒரு கால் மரத்திருந்ததால் கதவுவரை போக நேரம் எடுத்தது. கரும்பைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், அடைக்கலத்தை இல்லை, குடுவையை.

எல்லாவற்றையும் கேட்டிருந்த லான் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்கப்பா சட்டி" என்றார் தவுக்கே. "நான் சும்மா நெனச்சேன், ஒருவேளை அடை இல்லையோன்னு. இருபத்தாறு வருஷம் சும்மா நெனச்சேன். பின்னாடி போ, அடை."

அடைக்கலம் கிண்ணத்தை எடுத்தார். குடிக்காமல் எழுவது மரியாதையில்லை. முதல் மிடறு கசந்தது, இரண்டாவது மிடறு தொண்டையில் தித்தித்தது, ஊலோங் அப்படித்தான். அதற்கு மேல் அந்தக் கிண்ணத்தில் இல்லை. எழுந்து பின்னறைக்குப் போனார். வைக்கோல் அப்படியே இருந்தது. அன்று சாயங்காலம் பேச்சாயி கேட்டாள், "மேசையில ஒக்கார வெச்சாங்களா?" என்று. "வெச்சாங்க" என்றார். அவள் மேலே கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க அவளும் கற்றுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் லான் கழுவுவதற்காக நான்கு கிண்ணங்களையும் பின்னறைக்குக் கொண்டுவந்தாள். மூன்றை அலசி அலமாரியில் ஏற்றினாள். சிங்காரவேலு கவிழ்த்துவிட்டுப் போன நான்காவதை அடைக்கலம் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வழக்கத்தை மீறுகிறோம் என்று தெரிந்தே அதை நிமிர்த்திப் பொட்டலம் கட்டுகிற பலகையின் ஓரத்தில், வைக்கோலை ஒதுக்கி, வைத்தார். தினமும் காலையில் தனக்குக் கொஞ்சம் காய்ச்சுகிறபோது முதலில் அதில் சிங்காரவேலுவுக்கு என்று ஊற்றுகிறார். தன் கிண்ணம் நிறைகிறது. அது நிறைவதில்லை. சிங்காரவேலு இப்போது கோயிலுக்குக்கூட வருவதில்லை, இரண்டாவது காலும் மரத்துவிட்டது என்கிறார்கள். தவுக்கேக்கு நல்ல காதிலும் சத்தம் குறைந்துகொண்டு வருகிறது. அடைக்கலம் குடுவையைச் சாய்க்கிறார், தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கடைசிவரை கேட்கிறார், குனிந்து மீனைப் பார்க்கிறார், துணியால் துடைக்க ஒன்றும் இல்லாத கிண்ணத்தை மறுநாளுக்காக நிமிர்த்தியே வைத்துவிட்டு வேலையைப் பார்க்கிறார்.